மறைந்து சுடுவோனும் மெய்ம்மறையும்

காப்பியத் தலைவன் போர்க்கோலம் பூணும் இடத்தைப் பாடும் புலவர் கவசத்தின் உறுதியை மட்டும் பாடி அமைவதில்லை. அதனைப் பூண்பவன் யாவன், எதற்கு அஞ்சுபவன், எதற்கு அஞ்சாதவன் என்பவற்றையும் அக்கோலத்தாலேயே புலப்படுத்துவர். படிப்போர் அதனைக் கண்டு நிற்பர். தாமே எடுத்துப் பூட்டுவதில்லை. பாத்திரமேற்பு வீடியோ விளையாட்டு என இன்று உலகெங்கும் வழங்கும் கலையிலோ, கவசத்தைத் தேர்வதும் பூட்டுவதும் ஆடுவோர் கையில் விடப்பட்டுள்ளன. எனவே பாத்திரப் படைப்பின் ஒரு கூறு, படைத்தோரிடமிருந்து துய்ப்போரிடம் கைம்மாறுகின்றது. இக்கைம்மாற்றத்தாற் பொருள் சிறக்கின்றதா, குன்றுகின்றதா என்பதை ஓர் ஆட்டத்தையும் அதன்கண் ஒரு பாத்திர வகையையும் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஆட்டம், 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்'. அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தார் ஆக்க, பெதஸ்டா சாஃப்ட்வொர்க்ஸ் நிறுவனத்தார் 2010 அக்டோபரில் வெளியிட்டனர். ஆக்கத்தை நெறிப்படுத்தியவர் ஜோஷ் சாயர். அணுகுண்டுப் போரால் உலகம் அழிந்து நெடுங்காலம் சென்றபின், 2281ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மொஹாவி பாலையில் கதை நிகழ்கின்றது. பாத்திர வகை, ஆங்கிலத்தில் ஸ்னைப்பர் எனப்படும், தொலைவில் மறைந்திருந்து ஒற்றைக் குண்டால் வீழ்த்துவோன். தலைமைப் பாத்திரமாகிய கூரியரை ஆடுவோர் தம் விருப்பம்போல் எவ்வகையினராகவும் வளர்த்துக்கொள்ளலாம். மறைந்து சுடுவோனாக வளர்த்தல் அவ்வகைகளுள் ஒன்று.

ஸ்னைப் என்பது நம் வயல்களிலும் நீர்நிலைக் கரைகளிலும் திரியும் உள்ளான் பறவைக்கு ஆங்கிலப் பெயர். மண்ணின் நிறத்தொடு கலந்து கிடந்து, எழுந்தால் கோணிக் கோணி விரையும் அதனைச் சுடுவது அரிது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் உள்ளான் வேட்டையைக் குறித்து வழங்கிய சொல்லே, பின்னர் மறைந்திருந்து மனிதரைச் சுடும் தொழிலுக்கும் பெயராயிற்று. மறைதல் முதற்கண் இரையின் இயல்பாக இருந்து பின்னர் வேட்டுவனின் இயல்பானமை இச்சொல்லின் வரலாற்றிற் காணத்தக்கது.

நம் ஆட்டமும் இரையிலிருந்தே தொடங்குகின்றது. கூரியர் குட்ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் கட்டுண்டு கிடக்கின்றார். பென்னி என்பான் அருகில் நின்று தலையிற் சுடுகின்றான். உயிர் பிழைத்தபின் மருத்துவர் மிட்செல் அளிக்கும் முதல் உடை, 21ஆம் நிலவறையாரின் நீல ஆடை. அது குண்டு ஒன்றையும் தடாது. கவசத்தைத் தேடும் கதை, கவசமின்மையால் நேர்ந்த ஒரு காயத்திலிருந்து பிறக்குமாறு ஆக்கியோர் அமைத்துள்ளனர். ஆயினும் அக்காயத்தை எக்கவசமும் தடுத்திராது என்பதும் உண்மை. கட்டுண்டவன் தலைக்கு நேரே கைத்துப்பாக்கி நீட்டப்பட்டபின் கவசத்தால் ஆவது யாது?

இனி, ஆடுவோர் பலரும் கொள்ளும் கருத்து ஒன்றனை முதற்கண் நோக்குதல் வேண்டும். கவசத் தேர்வு கூட்டல் கழித்தலன்றி வேறன்று. எக்கவசம் மிக்க எண்ணைத் தருகின்றதோ அதனைப் பூணுக என்பர் அவர். இக்கருத்தை இகழ்ந்து ஒதுக்குவார்க்கு ஆட்டம் விளங்காது. எண்ணும் இவ்வாட்டத்தின் மொழியேயாகும். செய்யுளின் பொருள் காண்பார் யாப்பை அறியாது காண இயலாதவாறு போல, இதன் பொருள் காண்பார் இதன் எண்ணை அறிதல் வேண்டும். ஆதலின் எண்ணின் வழியே செல்வாம்.

2008இல் வெளிவந்த 'ஃபால்அவுட் 3' ஆட்டத்தில் கவசம் நூற்றுவீதத்தால் அளக்கப்பட்டது. 40 விழுக்காடு தடுக்கும் கவசம், சிறு குண்டாயினும் பெருங் குண்டாயினும் அதன் வலியில் 40 விழுக்காட்டைத் தடுத்தது. எத்துணைக் கவசம் பூண்டாலும் 85 விழுக்காட்டிற்கு மேற் செல்லாது. 'நியூ வேகஸ்' ஆக்கியோர் இம்முறையை மாற்றி, ஒவ்வொரு குண்டின் வலியிலிருந்தும் ஒரு நிலையான தொகையைக் கழிக்கும் முறையை அமைத்தனர். டேமேஜ் த்ரெஷோல்டு என ஆட்டத்தில் வழங்கும் அத்தொகையைத் தாங்கெல்லை என்று நாம் குறிப்போம். தாங்கெல்லை எத்துணைப் பெரிதாயினும், குண்டின் வலியில் ஐந்தில் ஒரு பங்கு உடம்பிற் பட்டே தீரும் என்பது உடனமைந்த விதி.

இவ்விரு விதிகளும் கூடிய இடத்து விளைவதைக் காண்க. தாங்கெல்லை 15 உடைய கவசம் பூண்டான் ஒருவன்மேல், ஒவ்வொன்றும் 10 வலியுடைய 12 சிறு குண்டுகள் பாய்கின்றன எனக் கொள்வோம். கவசம் 10ஐயும் விழுங்கவல்லதாயினும் ஐந்தில் ஒரு பங்கு கடத்தல் வேண்டுமாதலின், குண்டொன்றுக்கு 2 வீதம் 24 மட்டுமே அவன் உடம்பைச் சாரும். அதே 120 வலியை ஒற்றைக் குண்டாகத் திரட்டி எய்தாலோ, 15 கழிய 105 சாரும். மொத்த வலி ஒன்றே. பகுக்கப்பட்ட முறை ஒன்றே வேறு. முதல்வன் நின்று போரிடுவான், இரண்டாமவன் விழுவான்.

இப்பொழுது 15ஐ விடுத்து, இவ்வாட்டத்தின் புகழ்பெற்ற திண்கவசமாகிய டி-51பி தரும் 25ஐ வைத்துப் பார்ப்போம். சிறு குண்டுகளால் வருவது அதே 24. கூடுதற் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. ஒற்றைப் பெருங்குண்டால் வருவது 95. உடல் முழுதும் உருக்கால் மூடிச் சுமந்து நடந்தும், பெருங்குண்டின்முன் மிச்சமான பயன் 10 புள்ளியே. திண்கவசம் தன் முழுப்பயனைத் தருவது இடைப்பட்ட வலியுடைய குண்டுகளிடத்து. 30 வலியுடைய குண்டில் 15 தாங்கும் கவசம் 15ஐ உள்விட, டி-51பி 6ஐ மட்டுமே உள்விடும். அத்தகைய குண்டுகளைச் சொரியும் பகைவரை எதிர்நின்று பொருவார்க்கு அது தகும்.

இதனாற் போதருவது ஒன்று. தொலைவிலிருந்து வரும் ஒற்றைக் குண்டிற்கு முன் இவ்வாட்டத்தின் கவசங்கள் யாவும் ஏறத்தாழ ஒத்தனவே. இதனை யாரினும் நன்கு அறிந்திருத்தற்குரியவன் மறைந்து சுடுவோனே. தன் துப்பாக்கி பிறர் கவசத்தை எவ்வாறு கடந்து செல்கின்றது என்பதை அவன் நாடோறும் காண்கின்றான். தன் தொழில் பிறர்க்குச் செய்வதைத் தனக்குப் பிறர் செய்யுங்கால் எக்கவசமும் துணையாகாது என்னும் அறிவோடு அவன் கவசக் கடைமுன் நிற்கின்றான். ஆக்கியோர் இதனை ஓர் உரையாடலிலும் எழுதிவைக்கவில்லை. கழித்தல் விதியொன்றை மாற்றிய அளவிலேயே இந்நிலை தோன்றிவிட்டது. அவர்கள் இதனைக் கருதியே செய்தனர் என்று நாம் கூறத் துணியோம். தோன்றியுள்ளது என்பதே நமக்குப் போதும்.

கவசத்தின் கனமும் நோக்கற்பாலது. ஆட்டத்தில் கவசங்கள் நொய்யன, இடைத்தரத்தன, திண்ணியன என மூவகைப்படும். கனம் மிகுந்தோறும் நடை தளரும். இடம் மாறி இடம் மாறிச் சுடுவோனுக்கு நடையின் தளர்ச்சி கேடு. எனினும் மறுதலையான வாதமும் உண்டு. இவ்வாட்டத்தின் மிகப் பெரிய தொலைத்துப்பாக்கியாகிய ஆன்டி-மெட்டீரியல் ரைஃபிளை நடுக்கமின்றிப் பிடிக்க உடல்வலி 8 புள்ளி வேண்டும். திண்கவசங்களுள் மின்னாற்றலால் இயங்குவன வலியைச் சிறிது கூட்டுவன; ஆதலின் பெருந்துப்பாக்கி ஏந்துவான் பெருங்கவசமும் பூணவேண்டும் என்பர் சிலர். துப்பாக்கியைத் தாங்குதற்கே கவசம் பூணுதல் என்னும் இது நகைப்பிற்கு இடமாயினும் கணக்கிற் பிழையன்று. எனினும் 'வெப்பன் ஹேண்ட்லிங்' என்னும் சிறப்பியல்பைப் பெற்றவர்க்கு அத்தேவை 2 புள்ளி குறைந்துவிடுவதால், அவ்வாதத்தின் வலியும் அவ்வளவிற் குறைகின்றது.

நொய்ய கவசங்களுள் எண்ணின் நோக்கில் தலைசிறந்தனவற்றுள் ஒன்று, 2011இல் வந்த 'ஆனஸ்ட் ஹார்ட்ஸ்' என்னும் இணைப்புக் கதையில் கிடைக்கும் ஜோஷுவா கிரகாமின் கவசம். தாங்கெல்லை 15, எடையோ 8. இடைத்தரக் கவசமாகிய காம்பேட் ஆர்மர் தரும் அதே தாங்கெல்லையை மிகக் குறைந்த எடையில் இது தருகின்றது. இக்கவசத்திற்கு உரியவன் யாவன் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். கிரகாம் சீசரின் படைத்தலைவனாக இருந்து, ஹூவர் அணைப் போரில் தோற்றமையால் கீலூற்றி எரியூட்டப்பட்டுப் பெரும்பள்ளத்தாக்கில் வீசப்பட்டவன். உடல் முழுதும் எரிந்தும் சாகாதவன். தீக்கு இரையாகிய உடம்பின்மேல் அவன் அணிந்திருந்தது பழைய நகரக் காவலர் ஒருவரின் குண்டுதடுக்கும் மேலாடை. அதனை ஆடுவோர் கழற்றித் தாம் பூணுங்கால், 15ஐயும் 8ஐயும் பூணுகின்றனரா, அவ்வெரிந்த மனிதனின் வரலாற்றையும் உடன் பூணுகின்றனரா? எண்ணே மொழி என்பார் இவ்வினாவிற்கு விடை கூற இயலாது.

அதே ஆண்டில் வந்த 'ஓல்டு வேர்ல்டு புளூஸ்' இணைப்பிலுள்ள ஸ்டெல்த் சூட் மார்க் டூ என்னும் உடை பதுங்குவோர்க்கென்றே ஆக்கப்பட்டது. பதுங்கல் திறனைக் கூட்டும்; அணிந்தவர் புண்பட்டால் தானே மருந்தை ஊசியால் ஏற்றும்; அன்றியும் பேசும். குழந்தையின் குரலொத்த குரலால், அணிந்தவரிடம் அன்பு பாராட்டிப் பேசும். ஓசையின்மையே உயிராகிய தொழிலுக்கு ஓயாது பேசும் உடையைத் தந்தது நகைச்சுவை. அந்நகைச்சுவையின் உள்ளே மறைந்து சுடுவோனின் தனிமை ஒளிந்துள்ளது. அவனுக்கு அண்மையிலிருந்து பேசுவது அவன் சட்டை ஒன்றே. இவ்வளவில் அதனை விடுத்து மேற்செல்வாம்.

ஆட்டத்தின் குறையொன்றையும் மறைத்தல் ஆகாது. மெய்யுலகில் மறைந்து சுடுவோனின் கவசம் உருக்கன்று, நிறமே. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு வேட்டைக் காவலர் இலைதழை போன்ற கந்தல்களைத் தைத்து உடுத்த கில்லி உடையே அத்தொழிலின் அடையாள உடையாயிற்று. 1900இல் அமைந்த லோவட் ஸ்கவுட்ஸ் படையினர் அதனைப் போர்க்களத்திற்குக் கொண்டுவந்தனர். 1939–40 பனிக்காலப் போரில் பின்லாந்தின் சிமோ ஹைஹா வெண்பனியில் வெள்ளுடை தரித்துக் கிடந்தார். கண்ணாடி ஒளிரும், தலையும் உயரும் என்பதற்காகத் தொலைநோக்கிக் கண்ணாடியையும் தவிர்த்தார். 'நியூ வேகஸ்' ஆட்டத்திலோ உடையின் நிறம் பகைவர் கண்ணுக்கு ஒரு பொருட்டன்று. ஒளி, அசைவு, ஓசை, பதுங்கல் திறன் ஆகியவை கணக்கில் வரும். வெண்மணலில் கரிய நெடுஞ்சட்டையோடு கிடந்தாலும், நிறத்தாற் பிடிபடுதல் இல்லை. ஆட்டத்தின் அட்டைப் படத்தில் நிற்கும் ரேஞ்சர் வீரனின் கருங்கவசத்தை நண்பகலில் அணிந்து பதுங்குவோரை எத்தனை பகைவரும் காணாதிருப்பர். பாலையின் வெயிலையும் மணலையும் இத்துணை நுணுக்கமாகத் தீட்டிய ஆக்கியோர், அந்நிலத்தின் நிறத்தோடு உடைக்குள்ள உறவைக் கைவிட்டது பெருங்குறையேயாம். முதற்பொருளாகிய நிலம், பாத்திரத்தின் தொழிலோடு இயையாது பின்திரையாய் நின்றுவிடுகின்றது.

அக்குறையை ஓரளவு ஈடுசெய்வது, உடையைக் கொடியாகக் கொள்ளும் விதி. நியூ கலிபோர்னியா குடியரசின் சீருடையை அணிந்தால் குடியரசுப் படையினர் தம்மவராகக் கொள்வர். சீசரின் லீஜியன் படையினர் கண்டவுடன் தாக்குவர். லீஜியன் உடை அணிந்தால் இது மறுதலையாகும். படைத்தலைவரும் நாய்களும் மாறுவேடத்தைக் கண்டுகொள்வர் என்பதும் சுவையுடையது. எனவே ஆட்டத்தில் உடை இரு தொழில் செய்கின்றது: ஒன்று காத்தல், மற்றொன்று அறிவித்தல். நம் புறப்பொருள் மரபில் இவ்விரண்டும் வேறுவேறு பொருள்களுக்கு உரியன. காப்பது மெய்ம்மறை; அறிவிப்பது தலையிற் சூடும் கண்ணி. வெட்சி சூடினான் நிரைகவரப் புறப்பட்டான் என்பதும், தும்பை சூடினான் எதிர்நின்று பொரப் புறப்பட்டான் என்பதும் பூவாலேயே அறியப்படும். வெட்சி களவில் நிகழ்வது. அக்களவு குறித்தே உரையாசிரியர்கள் அதனைக் குறிஞ்சிக்கு இயைபுபடுத்தினர். களவிற் செல்வோரும் தம் செயலைப் பூவால் அறிவித்துச் சென்றனர் என்பது எண்ணத்தக்கது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, நம் ஆட்டத்தில் மறைந்து சுடுவோர்க்கெனத் தனியே அமைந்த தலையணியை ஆராய்வாம்.

அது, குடியரசின் முதல் ரீக்கான் என்னும் தொலைச்சுடு படையினர் அணியும் சிவந்த பெரே தொப்பி. தாங்கெல்லை ஏதும் தாராது. காட்சித் திறனை 1 கூட்டும். கிரிட்டிக்கல் எனப்படும் மருமத் தாக்கின் வாய்ப்பை 5 விழுக்காடு கூட்டும். ஊழ்த்திறனில் ஒவ்வொரு புள்ளியும் அவ்வாய்ப்பை 1 விழுக்காடே கூட்டுமாதலின், இத்தொப்பி ஐந்து புள்ளி ஊழுக்கு ஒப்பாகின்றது. எண்ணின் வழியினர் இதனைக் கண்டவுடன் அணிவதில் வியப்பில்லை.

ஆயின் எண்ணை இன்னும் சிறிது ஊன்றி நோக்குக. பகைவர் காணாதபோது மறைந்திருந்து சுடும் குண்டு எப்பொழுதும் மருமத் தாக்காகவே அமையும் என்பது ஆட்டத்தின் விதி. அங்கு வாய்ப்பிற்கு இடமில்லை, முழுதும் உறுதி. ஆதலின் முதற்குண்டிற்கு இத்தொப்பியின் 5 விழுக்காடு சிறிதும் பயன்படாது. மறைவு கலைந்து, பகைவர் கண்டுகொண்டபின் சுடும் குண்டிற்கே அது பயன்படும். சிறந்த மறைசுடுநர்க்கெனச் சின்னமாய் அளிக்கப்பட்ட தொப்பி, மறைவில் தோற்றபின்னரே வேலை செய்கின்றது! ஆடுவோருட் பலர் இதனை நோக்காமல் அணிகின்றனர் போலும். இவ்வகையில் அது மெய்ம்மறையும் அன்று, மறைதற்குத் துணையும் அன்று, கண்ணியே.

கண்ணி என்று நாம் கூறுவதற்குக் கதையிலும் சான்று உண்டு. நோவாக் என்னும் ஊர், 'இடமில்லை' என்னும் பொருள்படும் விடுதிப் பலகையின் எழுத்துகள் உதிர்ந்து மிஞ்சியதால் பெயர் பெற்றது. அங்கே ஊர்க்காவலுக்கென ஒரு பெரிய டைனோசர்ச் சிலையின் வாயினுள் நின்று பகலில் மேனி வர்காஸும் இரவில் கிரெய்க் பூனும் காவல் புரிகின்றனர். இருவரும் முன்னர் முதல் ரீக்கானில் ஒருங்கு பணியாற்றியவர். பூன் சுடுவோன், மேனி இலக்குக் காட்டுவோன். பூனின் மனைவி கார்லாவை ஊரார் ஒருவர் லீஜியன் அடிமை வணிகர்க்கு விற்றுவிட்டார். காட்டன்வுட் கோவ் என்னும் இடத்தில் அவள் ஏலம் விடப்படுவதைத் தொலைவிலிருந்து கண்ட பூன், மீட்க வழியின்மையால் தானே அவளைச் சுட்டான். விற்றவர் யாவர் என்பது அவனுக்குத் தெரியாது. அதனை அறிந்து, அவரை இரவில் சிலையின்முன் அழைத்துவருமாறு கூரியரிடம் வேண்டுகின்றான். தன் பெரே தொப்பியைக் கழற்றிக் கொடுக்கின்றான். அவரோடு நிற்கும்போது இதனைத் தலையில் அணிக. அதுவே எனக்கு அடையாளம் என்பது ஏற்பாடு.

இவ்விடத்தில் ஆட்டத்தின் இயக்கம் முழுதும் ஒரு செயலில் வந்து குவிகின்றது. பொருட்பட்டியலைத் திறந்து ஓர் அணியைத் தேர்ந்து பூட்டுதல், ஆடுவோர் நூறுமுறை கருத்தின்றிச் செய்த செயல். இவ்வொருமுறை அச்செயலே ஒருவரைக் கொல்கின்றது. தொப்பியை அணிந்தவுடன் மேலிருந்து குண்டு வரும். விற்றவர் விடுதி நடத்தும் ஜீனி மே க்ராஃபர்டு என்பதும், பிறவாக் குழந்தையையும் உள்ளிட்டு எழுதிய விற்பனை ஓலை அவள் விடுதியிலேயே பூட்டிக் கிடக்கின்றது என்பதும் தேடுவார்க்குத் தெரியவரும். தேடாதார் வேறொருவரை அழைத்துவந்து தொப்பியை அணியினும் குண்டு வரும். எவ்வாறு அறிந்தாய் என்னும் வினாவைப் பூன் குண்டுக்குப் பின்னரே கேட்கின்றான்.

கண்ணியைச் சூடுதலும் போர் தொடங்குதலும் ஒன்றாதல் நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. இங்குப் புதிது யாதெனின், சூடுவோன் ஒருவன், கொல்வோன் வேறொருவன் என்பதே. சுட்டவனுக்குத் தீர்ப்புச் செய்யும் பொறுப்பில்லை; தீர்ப்புச் செய்தவனுக்கு விசையை இழுக்கும் பொறுப்பில்லை. இருவருக்கும் இடையே ஒரு துணித் தொப்பி நின்று அக்கொலையைப் பகிர்ந்தளிக்கின்றது. அதன்பின் ஆடுவோர் அத்தொப்பியை வைத்துக்கொண்டு, 5 விழுக்காட்டிற்காகக் கதை முடியுமளவும் தலையிற் சுமக்கின்றனர்.

அச்சுமையின் எடை இன்னும் பெரிதென்பது பிட்டர் ஸ்பிரிங்ஸ் வரலாற்றாற் புலனாகும். கிரேட் கான்கள் என்னும் குழுவினரின் பாசறையைக் குடியரசுப் படை 2278இல் தாக்கியது. தப்புவோர் வெளிவரும் பள்ளத்தாக்கின் வாயிலில் முதல் ரீக்கான் நிறுத்தப்பட்டிருந்தது. வெளிவந்தோர் போர்வீரர் அல்லர். முதியோர், பெண்டிர், சிறுவர். ஆணையில் நேர்ந்த குழப்பத்தால் சுடுதல் நிற்கவில்லை. பூன் சுட்டவர்களுள் ஒருவன். தன் மனைவிக்கு நேர்ந்தது அதற்குக் கூலி என்றே அவன் நம்புகின்றான். எஞ்சிய கூலியையும் எதிர்பார்த்தே வாழ்கின்றான். பெரே தொப்பியை அவன் கூரியருக்குக் கொடுக்கும்போது இவ்வரலாறு ஆடுவோர்க்குத் தெரியாது. நெடுநாள் துணைவனாய் உடன் திரிந்து, அவன் நம்பிக்கையை ஈட்டியபின்னரே அவன் அதனைச் சொல்லுவான். ஆகவே ஆடுவோர் அணியை முதலிலும் அதன் பொருளைப் பின்னரும் பெறுகின்றனர். இவ்வரிசைமுறை ஆக்கியோரின் திறனுக்கு நல்ல சான்று. பொருள் முன்னரே தெரிந்திருப்பின் அணிந்திரார் சிலராவது இருப்பர்.

ஈண்டு ஒரு நெகிழ்வும் உண்டு. குடியரசின் பிற சீருடைகளைக் கண்டவுடன் சினக்கும் லீஜியன் வீரர், தமக்குப் பெரும்பகையாகிய முதல் ரீக்கானின் தொப்பியைக் கண்டும் வாளா இருக்கின்றனர். கொடியாகும் உடைகளின் வரிசையில் இதனை ஆட்டம் சேர்க்கவில்லை. ஆடுவோரின் வசதிக்கென விட்டிருக்கலாம். அறிவித்தலே தொழிலாகிய அணி, அறிய வேண்டுவார்க்கு ஒன்றையும் அறிவியாமல் இருப்பது கதையின் உறுதிக்கு ஊறு. இதனை அணிந்தோர்க்கு லீஜியனிடம் ஆபத்து நேருமாறு அமைத்திருப்பின் 5 விழுக்காட்டிற்கு ஒரு விலை கிடைத்திருக்கும்.

பூனின் கதை பிட்டர் ஸ்பிரிங்ஸிலேயே முடிகின்றது. கூரியரும் அவனும் அவ்விடத்திற்குச் சென்று, மேட்டில் இரவு தங்குகின்றனர். லீஜியன் படையொன்று அங்குள்ள அகதிகளைத் தாக்க வருகின்றது. முன்னர்ச் சுட்ட அதே நிலத்தில் நின்று, இம்முறை காத்தற்பொருட்டுச் சுடுகின்றனர். போர் முடிந்தபின் நிகழும் உரையாடலில், இனி எவ்வாறு வாழ்வது என்பதைக் குறித்துக் கூரியர் பூனுக்கு என்ன சொல்கின்றார் என்பதைப் பொறுத்து அவன் இரண்டு கவசங்களுள் ஒன்றைப் பெறுகின்றான். ஒன்றன் பெயர் தாக்குதற் கவசம். மற்றொன்றன் பெயர் பிழைத்தற் கவசம். பகைமேற் செல்லுதலே இனி வாழ்வு என்னும் வழியில் அவன் மனத்தைச் செலுத்தினார்க்கு முன்னது. பழியிலிருந்து வெளிவரும் வழியைக் காட்டினார்க்குப் பின்னது.

இவ்விரண்டையும் எண்ணால் ஒப்பிட்டு எது மேல் என உரைப்போர் உளர். மறைந்து சுடும் துணைவனுக்கு எது தகும் என்பது அவர்தம் வினா. நாமோ இதனைத் தலைகீழாக நோக்குகின்றோம். பிற இடங்களிலெல்லாம் ஆடுவோர் கவசத்தைத் தேர்ந்து அதனாற் பாத்திரத்தை ஆக்கினர். இங்கு முதற்கண் பாத்திரத்தின் உள்ளத்தைத் தேர்கின்றனர், அதன் விளைவாகவே கவசம் வந்து சேர்கின்றது. கடையிலும் இல்லாத, பிணத்திலிருந்து கழற்றவும் ஆகாத கவசம் அது. இரக்கத்தோடு பேசியவர் எண்ணிற் குறைந்ததைப் பெற்றேன் என வருந்தினாலும், கடிந்து பேசியவர் எண்ணில் மிக்கதைப் பெற்றேன் என மகிழ்ந்தாலும், அவ்வருத்தமும் மகிழ்ச்சியும் அவரவர் இவ்வாட்டத்தை எம்மொழியிற் படித்தனர் என்பதைக் காட்டும்.

முதல் ரீக்கானின் பெரே தொப்பியை அணிந்த வேறு சிலரும் கதையில் உளர். மெக்கேரன் பாசறையில் அவர்களைக் காணலாம். ஸ்டெர்லிங் என்பான் லீஜியனிடம் அகப்பட்டுக் கைகள் சிதைக்கப்பட்டவன். நெடுந்துப்பாக்கியைக் கையாள இயலாமையால் அதனினும் எளிய துப்பாக்கியோடு அதே தொழிலைச் செய்துவருகின்றான். பிட்டர்-ரூட் என்பானோ கான் குடியிற் பிறந்து பிட்டர் ஸ்பிரிங்ஸில் பெற்றோரை இழந்தவன். அவன் தன் குடியின்பால் பரிவு காட்டிப் பேசுவதில்லை. அப்பள்ளத்தாக்கின் வாயிலில் நின்று சுட்டவர்களின் தொப்பியே இன்று அவன் தலையில் உள்ளது. கூரியர் தலையில் உள்ளதும் அதுவே.